சோற்றுக்கு எதிராக ஒரு வாத்தியார்

உலகத்துத் தொழில்களில் எல்லாம் உன்னதமானது ஆசிரியத் தொழிலே. அதை விட்டு ஓடி வந்தவர்கள் அத்தனை பேரும் இதை ஒரே குரலில் சொல்கிறார்கள். தூத்துக்குடியில் அப்படிச் சொல்லும் பாக்கியம் நாற்பத்து மூன்றாம் வருஷம் வன்னியபெருமாள் வாத்தியாருக்குக் கிடைத்தது.

யுத்த காலம். பர்மா அரிசி வருவது நின்றுபோயிருந்தது. அரிசிப் பஞ்சத்தை அரிசியால் தீர்க்க வழியில்லை என்று கண்ட மேலிடம், பேச்சால் தீர்த்துவிடத் தீர்மானித்தது. அதற்காக ‘உணவுச் சிக்கனப் பிரசாரகர்’ என்றொரு பதவி உண்டாயிற்று. எந்தத் தேசத்தில் எது விளைகிறது என்று பகலெல்லாம் பூகோளம் நடத்திய வாத்தியாருக்குத் தன் வீட்டு அடுப்பில் அன்று என்ன வேகும் என்பது மட்டும் சாயங்காலம் வரை தெரியாது. ஆகவே அவரும் மனுப் போட்டார்.

பிரசார அதிகாரி மந்திரமூர்த்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஒருத்தனும் காதுல வாங்காத கூட்டத்துல ஒரு மணி நேரம் நிறுத்தாமப் பேசுவீரா?”

“இத்தனை வருஷமா அதுதானய்யா என் உத்தியோகம்.”

அன்றே வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை கொடுத்தார்கள். ஒலிபெருக்கி கட்டிய வேன் கொடுத்தார்கள். பிரசாரகர்கள் களைத்துப் போய்விடக் கூடாதே என்று நல்ல சம்பா அரிசியும் தனியாகக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவருடைய வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்து வகுப்போடு சேர்த்து அடைத்தார்கள். இரண்டு வகுப்பும் ஒரே இடத்தில் ஒன்றும் படிக்காமலிருக்கும் சிக்கனம் அதனால் கைகூடியது.

வாத்தியார் வீட்டில் பிரசங்க ஒத்திகை சாப்பாட்டுக்குப் பிறகுதான் நடக்கும். மனைவி செல்லத்தாய் மூன்றாம் முறை சோறு வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“இம்புட்டையும் தின்னுட்டுப் போயி, சோத்தைக் குறையுங்கன்னு எப்படிச் சொல்லுவிய?”

பசித்த வயிற்றோடு பேசினால் குரல் எடுபடாது என்று வாத்தியார் விளக்கினார். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்த வீட்டில் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டதும் அந்த மாதந்தான்.

பிரசாரம் கடற்கரையோரமாகப் போய் மணப்பாட்டுக்கு வந்தது. யுத்தத்தை உத்தேசித்து வள்ளங்கள் ஆழக் கடலுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. அதனால் ஊரில் எல்லோருக்கும் பிரசங்கம் கேட்க அவகாசம் இருந்தது. கிராமபோன் பாட்டுக்காகக் கூட்டம் கூடியது. பாட்டு நின்றதும் வாத்தியார் மைக்கைப் பிடித்தார். வாரத்தில் ஒரு நாள் சோற்றைத் துறப்பதால் உடம்பு லேசாகும், புத்தி தெளியும், ஹிட்லர் கலங்குவான் என்று வரிசையாக எடுத்துரைத்தார். முன்வரிசைப் பெண்கள் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரசங்கம் முடிகிற தறுவாயில் ஒரு வாலிபன் எழுந்து நின்றான். வில்பிரட். தூத்துக்குடியில் அத்தை வீட்டில் தங்கி, வாத்தியாரிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது கரையில் கிடக்கும் வள்ளங்களில் ஒன்று அவனுடையது.

“சார், வாரத்துல ஒரு நாளு சோறு வேண்டாங்கீய, சரி. மத்த ஆறு நாளைக்குச் சோறு எங்கன கிடைக்கும்?”

வாத்தியாருக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் அவருடைய வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து கேள்வி கேட்டதில்லை. இப்போது கேட்டிருக்கிறான், அதுவும் மடக்க முடியாத கேள்வி. ‘சபாஷ்லே’ என்ற வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் வில்பிரட் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட்டான். பின்னாலிருந்து மந்திரமூர்த்தி வாத்தியாரின் தோளைத் தொட்டார். கூட்டத்தில் பீதி கிளப்புகிறவனைப் பிடிக்கத்தான் இரண்டு போலீஸ்காரர்கள் கூட வந்திருந்தார்கள்.

“உமக்கு அவனைத் தெரியும் போலிருக்கே. பேரு என்ன வே?”

தெரியாது என்று சொல்லலாம். அந்த ஊரில் யாரும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். செல்லத்தாய் காலையில் வடித்த சோறு ஆவி பறக்க வாத்தியார் நினைவில் வந்தது. பேரைச் சொன்னார். தகப்பன் பேர் சிலுவை என்பதையும், கேட்காமலே, சேர்த்துச் சொன்னார்.

“வாத்தியார்னா வாத்தியார்தான். எம்புட்டு ஞாபகம்” என்று அதிகாரி மெச்சினார்.

பையனை வேனில், கிராமபோன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவன் தாய் வேனுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி வந்து, மணலில் கால் புதைந்து நின்றுவிட்டாள். வில்பிரட் அழவில்லை. முன் ஸீட்டைப் பார்த்துக் கேட்டான்.

“சார், நான் கேட்ட கேள்வி தப்பா?”

வாத்தியார் திரும்பிப் பார்க்கவில்லை. “பேசாம இருலே” என்றார்.

மேலிடம் அவருக்குத் தலைமைப் பிரசாரகர் பதவியும் கூடுதல் அரிசியும் வழங்கி, பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவர்களில் இவரைப் போல் ஆசிரியத் தொழிலை அடியோடு மறந்தவர் ஜில்லாவிலேயே இல்லை என்று மனதாரப் பாராட்டியது.