ஆறு மணிக்கு ஏழு வீடு

"என் வீட்டைக் காணோம்" என்றாள் மார்கெட்டா.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. குளியல் அங்கியோடு, தோளில் துண்டும் கையில் வாளியுமாக அவள் இல்போவின் வாசலில் நின்றாள். தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடிவரை அந்தக் கோலத்தில் ஏறி வந்திருக்கிறாள் என்றால் விஷயம் பெரியதுதான். அந்தக் கட்டடத்தில் படிக்கட்டு காலியா என்று கதவுத் துளையில் பார்த்துவிட்டுத்தான் யாரும் வெளியே வருவார்கள்.

"வீடு கீழேதானே இருக்கு?" என்றான் இல்போ.

"கீழே இருக்கு. உன் நிரல்ல இல்லை. எல்லார் கதவுலயும் சீட்டு விழுந்திருக்கு, எனக்கு மட்டும் விழலை. சரி, முதல் வீட்டுக்கு முதல் முறைன்னு நானே நினைச்சு சௌனாவுக்குப் போனேன். கதவைத் திறந்தா உள்ளே ரெண்டாம் வீட்டுக் காலெர்வோ உட்கார்ந்திருக்கான். பிறந்த மேனியா."

"ஐயோ. என்ன சொன்னான்?"

"'கதவை மூடு, சூடு போயிடும்'னான்."

ஏழு வீடுகளுக்கும் சேர்த்து அடித்தளத்தில் ஒரே ஒரு சௌனா, சுடுகல்லில் தண்ணீர் ஊற்றும் நீராவிக் குளியலறை. சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து இரவு பத்துவரை வீட்டுக்கு ஒரு மணி நேரம். எல்லாருக்கும் ஆறு மணி வேண்டும். மூன்று மணி யாருக்கும் வேண்டாம். இருபது வருடமாக இதே சண்டை. குடியிருப்போர் சங்கத் தலைவி மார்கெட்டா, எங்கோ ஒரு நிறுவனத்திடம் கணினி ஏற்பாடு வாங்கிவிடலாம் என்று கூட்டத்தில் சொன்னபோது, பத்து வருடமாகக் கூட்டத்தில் வாயே திறக்காத இல்போ எழுந்து, "நான் எழுதித் தரேன்" என்றுவிட்டான்.

காரணம் இருந்தது. காகித ஆலையில் மூன்றாம் இயந்திரத்தை நிறுத்தியபோது இல்போவையும் நிறுத்திவிட்டார்கள். வயது ஐம்பத்து மூன்று. வேலைவாய்ப்பு அலுவலகம் அவனைக் கணினி நிரல் எழுதும் வகுப்புக்கு அனுப்பியது. வகுப்பு முடிந்த சான்றிதழ் கிடைக்க வேண்டுமானால், அவன் எழுதிய ஒரு நிரலை நிஜ மனிதர்கள் பயன்படுத்தி, ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "நிரல் உங்கள் தேவையை நிறைவேற்றுகிறதா? ஆம் / இல்லை." சான்றிதழ் வந்தால் பார்சல் கிடங்கில் வேலை. வராவிட்டால் மச்சானின் பன்றிப் பண்ணை. மச்சான் ஏற்கெனவே ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்துவிட்டான். சரியான அளவில்.

"அடுத்த வாரம் சரியாயிடும்" என்றான் இல்போ.

"ஆகணும்" என்று வாளியோடு இறங்கிப் போனாள் மார்கெட்டா.

இல்போ வீட்டுக் கணினியில் நிரலை ஓட்டிப் பார்த்தான். ஏழு வீடும் வந்தது. மறுபடி ஓட்டினான். மறுபடியும் ஏழு.

"என் வீட்டுல சரியாத்தான் ஓடுது, ஐலி" என்றான் மனைவியிடம்.

"அப்போ எல்லாரையும் நம்ம வீட்டுலயே குளிக்கச் சொல்லு" என்றாள் அவள்.

நடைமுறை எளிதுதான். வியாழக்கிழமை இல்போ நிரலை அடித்தளத்து அறையில் இருந்த பழைய கணினியில் ஏற்றிவிடுவான். சனிக்கிழமை காலை, கட்டடப் பராமரிப்பாளன் தௌனோ அந்தக் கணினியை முடுக்கி, சீட்டுகளை அச்சடித்து, கத்தரித்து, வீட்டுக்கு வீடு கதவின் தபால் துளை வழியே போடுவான். பிறகு சௌனா அடுப்பை மூட்டுவான். பத்து மணிக்குக் கடைசி ஆள் போனதும் பலகைகளைக் கழுவிவிட்டுப் போவான். ஒரு நாளைக்கு நான்கு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். அதில் இரண்டு "ஆமா."

ஞாயிற்றுக்கிழமை இல்போ இணையத்தில் ஒரு கேள்வி-பதில் தளத்தில், பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய தன் நிரலைப் போட்டு, "முதல் வீடு மட்டும் ஏன் காணாமல் போகிறது?" என்று கேட்டான். அந்தத் தளத்தில் 'கருங்கல்' என்ற பெயரில் ஒரு மேதை இருந்தார். அவருடைய பதில்கள் எல்லாம் கையேட்டைப் படி என்று முடியும்.

"பைத்தானில் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். நீயும் அப்படித்தான் எண்ணியிருக்கிறாய். தவறில்லை. என்னிடம் ஏழு வீடும் வருகிறது. கையேட்டைப் படி" என்றார் கருங்கல்.

தவறில்லை என்று சொல்லிவிட்டுக் கையேட்டைப் படிக்கச் சொன்னால் ஒருவன் என்ன செய்வான்? இல்போ பக்கத்தை மேலே தள்ளிப் பார்த்தான். வெள்ளிக்கிழமையே 'அரைக்கிலோ' என்ற பெயரில் இன்னொருவன் கேட்டிருந்தான்: "பைத்தானில் ஏன் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறார்கள்? ஒன்றிலிருந்து எண்ணினால் என்ன ஆகும்?" அவனும் கருங்கல்லிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

சர்க்கரை வாங்கப் போனவன்போல ஒரு பெயர். ஆனாலும் இல்போவுக்கு மனம் கரைந்தது. "நண்பா, நீயும் பழகுகிறாயா?" என்று எழுதினான்.

"நானும்தான்" என்று பதில் வந்தது. "நேற்று ஒன்பது மணிக்கே முடித்துவிட்டேன். ஆனாலும் போதவில்லை."

பாவம், பகலெல்லாம் உட்கார்ந்து படிக்கிறான் என்று நினைத்துக்கொண்டான் இல்போ.

குற்றம் மொழியுடையதுதான் என்று முடிவு செய்தான். பைத்தானைத் தலைமுழுகிவிட்டு, எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக எழுதினான். வீட்டில் ஓட்டிப் பார்த்தான். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று மணிமணியாக வந்தது. வியாழக்கிழமை ஏற்றினான்.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு இரண்டாம் வீட்டுக் காலெர்வோ தொலைபேசியில் அழைத்தான்.

"இல்போ, என் முறை முப்பத்தோரு மணிக்காம்."

"என்னது?"

"முப்பத்தொண்ணு. இன்னிக்கு ராத்திரி தூங்காம இருந்து நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் குளிக்கணுமா, இல்லை வேற ஏதாவது கணக்கா?"

மார்கெட்டாவுக்கு ஒழுங்காக மூன்று மணி வந்திருந்தது. அடுத்த வீட்டுக்கு மூன்றோடு ஒன்றைக் கூட்டுவதற்குப் பதில், பக்கத்தில் ஒட்டிவிட்டது கணினி. காலெர்வோவுக்கு 31. அடுத்த வீட்டுக்கு 311. ஏழாம் வீட்டு ஒஸ்மோவுக்கு 3111111. அது தொலைபேசி எண்ணாக இருக்கும் என்று நினைத்து ஒஸ்மோ அழைத்தும் பார்த்துவிட்டான். யாரோ ஒரு பல் மருத்துவர் எடுத்தாராம்.

அன்று அவரவர் தோன்றிய நேரத்துக்கு வந்தார்கள். உடை மாற்றும் அறையில் தகராறு. சௌனா முடியும்போது இரவு பதினொன்றரை. தௌனோ தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க இல்போவுக்கு வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்கோ தௌனோ. உனக்குத்தான் கஷ்டம்."

"ஆமா" என்றான் தௌனோ. பிறகு, "தப்பாப் போச்சு" என்றான். அன்றைய ஒதுக்கீடு முடிந்தது.

தளத்தில் அரைக்கிலோவும் நொந்து போயிருந்தான். "எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டால் ஏன் கூட்டாமல் ஒட்டுகிறது? நான் நினைத்தது ஒன்று, வந்தது ஒன்று." கருங்கல் இம்முறை கையேட்டின் பக்க எண்ணையும் கொடுத்திருந்தார். இல்போவின் நிரலில் மேற்கோள் குறியே இல்லை என்றும், அதில் தவறில்லை என்றும் தனியாகச் சொல்லியிருந்தார்.

"மனம் தளராதே" என்று அரைக்கிலோவுக்கு எழுதினான் இல்போ.

"நீயும் தளராதே. ஆனால் மொழியை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காதே, கெஞ்சிக் கேட்கிறேன். மறுபடி முதலிலிருந்து படிக்க உடம்பில் தெம்பில்லை."

எவ்வளவு அக்கறை! நேரில் பார்க்காத ஒருவன். இல்போ நெகிழ்ந்து போனான். ஆனால் அறிவுரையைக் கேட்கவில்லை. சி மொழியில் எழுதத் தொடங்கினான்.

திங்கட்கிழமை படிவம் கொடுக்கக் கடைசி நாள். "இந்தச் சனிக்கிழமைதான் கடைசி" என்று மார்கெட்டா மாடிப்படியில் நிறுத்திச் சொன்னாள். "யாருக்காவது ஒருத்தருக்குத் தப்பா வந்தாக்கூட 'இல்லை'யிலதான் கோடு போடுவேன். கோவிச்சுக்காதே."

இல்போ வீட்டில் பதினான்கு முறை ஓட்டிப் பார்த்தான். பதினான்கு முறையும் ஏழு வீட்டுக்கும் ஏழு நேரம்.

சனிக்கிழமை யாரும் அழைக்கவில்லை. பன்னிரண்டரை ஆயிற்று, ஒன்று ஆயிற்று, இரண்டும் ஆயிற்று. இல்போ தொலைபேசியைத் தூக்கி, அது வேலை செய்கிறதா என்று பார்த்தான். அவனுடைய சீட்டில் 'மாலை 6' என்று இருந்தது. இருபது வருடத்தில் முதல்முறை.

"வாயைத் திறக்காதே" என்றாள் ஐலி. "யாராவது பிடுங்கிக்கப் போறாங்க."

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இருவரும் துண்டோடு இறங்கினார்கள். உடை மாற்றும் அறைக் கதவைத் திறந்தார்கள்.

உள்ளே ஒன்பது பேர் குளியல் அங்கியில் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆறு" என்று ஒஸ்மோ தன் சீட்டைத் தூக்கிக் காட்டினான்.

"ஆறு" என்றான் காலெர்வோ, ஒஸ்மோவைப் பார்க்காமல். ஒரு சைக்கிள் விஷயமாக இருவரும் பேசி ஒன்பது வருடம்.

"இல்போ" என்றாள் மார்கெட்டா. அவ்வளவுதான் சொன்னாள். இல்போவின் கண்முன் ரப்பர் பூட்ஸ் வந்து நின்றது.

ஐலிதான் கையைத் தட்டினாள். "சரி, பொம்பளைங்க முதல்ல. ஆம்பளைங்க வெளியே போய் நில்லுங்க. அரைமணி நேரம். யாரும் சாகமாட்டீங்க."

வெளியே பனி. மைனஸ் பன்னிரண்டு. ஐந்து ஆண்கள் அங்கியோடு சுவரில் ஒட்டி நின்றார்கள். உள்ளேயிருந்து தண்ணீர் கல்லில் சீறும் சத்தமும், பெண்களின் சிரிப்பும் கேட்டன. மார்கெட்டா சிரித்து யாரும் கேட்டதில்லை. அது குதிரை கனைப்பதுபோல இருந்தது.

"குளிருது" என்றான் ஒஸ்மோ, பொதுவாக.

காலெர்வோ பனியில் காலை மாற்றி மாற்றி வைத்தான்.

"ஆமா" என்றான் காலெர்வோ. பிறகு, "அந்த சைக்கிள் சங்கிலி ஏற்கெனவே அறுந்துதான் இருந்தது" என்றான்.

"தெரியும்" என்றான் ஒஸ்மோ. "நான்தான் அறுத்தேன்."

ஆண்களின் முறை வந்தபோது, மேல்பலகையில் ஐந்து பேரும் கோழிகள்போல நெருங்கி உட்கார்ந்தார்கள். அடுப்புக் கல்மேல் யாரோ சாசேஜ் சுட்டார்கள். மார்கெட்டா வீட்டிலிருந்து காப்பியும் ஏலக்காய் பன்னும் வந்தன. காலெர்வோ பாடினான். நன்றாக இல்லை, ஆனால் ஒஸ்மோ கைதட்டினான். ஏழரைக்கெல்லாம் எல்லாரும் சிவந்த முகத்தோடு மேலே ஏறிப் போனார்கள். படிக்கட்டில் "நல்லிரவு" சொல்லிக்கொண்டார்கள். தௌனோ தயாராகக் குழாயோடு நின்றிருந்தான். கால்மணியில் கழுவி முடித்துவிட்டு விசிலடித்தபடி கிளம்பினான்.

இல்போவுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

ஞாயிறு காலை படிவத்தோடு மார்கெட்டாவின் கதவைத் தட்டினான். "வாத்தியார்கிட்ட கெஞ்சி இன்னும் ஒரு வாரம் வாங்கறேன். சரி பண்ணிடறேன்."

"எதை?"

"எல்லாருக்கும் ஒரே நேரம் வந்ததை."

"அதைச் சரி பண்ணினே, உன்னைக் கொன்னுடுவேன்" என்றாள் மார்கெட்டா. படிவத்தைப் பிடுங்கி 'ஆம்' என்பதில் கோடு போட்டாள். கீழே 'கருத்துகள்' என்ற கட்டத்தில், "எதையும் தொட வேண்டாம்" என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.

சான்றிதழ் வந்தது. கிடங்கு வேலையும் வந்தது. மச்சான் பூட்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்தான். அடுத்த சனிக்கிழமையும் ஏழு வீடும் ஆறு மணிக்கு வந்தன. இம்முறை காலெர்வோ உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்தான்.

அதற்கு மறுநாள் காலை தௌனோ கதவைத் தட்டினான். கையில் செய்தித்தாளில் சுற்றிய நீளமான பொட்டலம். சமையலறை மேசையில் பிரித்து வைத்தான். மீசை வைத்த, வழுவழுப்பான பெரிய ஏரிமீன். இருட்டியபின்தான் தூண்டிலைக் கடிக்கிற வகை.

"உனக்கு" என்றான்.

"எனக்கா? எதுக்கு?" இல்போ காப்பி ஊற்றினான். "உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு எந்த அருகதையும் இல்லை தௌனோ. அந்த நிரல்ல எங்கே தப்புன்னு இன்னிக்குவரைக்கும் நான் கண்டுபிடிக்கலை. ஒரு சமக்குறி போடற இடத்துல ரெண்டு போடணுமாம், அதுல ஒண்ணை விட்டா எல்லாருக்கும் ஒரே பதில் வருமாம். தளத்துல படிச்சேன். ஆனா நான் ரெண்டுதான் போட்டிருக்கேன்! கருங்கல்லும் தப்பே இல்லைங்கறாரு."

"ஆமா" என்றான் தௌனோ.

"அங்கே என்னை மாதிரியே ஒருத்தன் இருந்தான். அரைக்கிலோன்னு பேரு. அந்தச் சமக்குறிக் கேள்வியைக் கேட்டதே அவன்தான். பதில் வந்ததும் 'நன்றி'ன்னு ஒரே வார்த்தை போட்டான். அதோட ஒரு வாரத்துக்கு மேல ஆளைக் காணோம். பாவம், வெறுத்துப் போய் விட்டுட்டான் போலிருக்கு."

தௌனோ காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தான். மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, எடை பார்ப்பதுபோல ஆட்டினான். தன் வாழ்நாளில் பேசிய மிக நீளமான வாக்கியத்தைப் பேசினான்.

"விடலை இல்போ, ஏழே முக்காலுக்கு வேலை முடிஞ்சுடறதால ராத்திரி ஏரியிலயே இருக்கேன், தளத்துக்குப் போய் பேரை நாலு கிலோன்னு மாத்தத்தான் இன்னும் நேரம் கிடைக்கலை."