கட்டிங் மாஸ்டரின் முழங்கை

கத்தரிக்கோல் மூன்றாவது தடவையாகக் கையிலிருந்து நழுவி விழுந்ததும், தையற்கூட முதலாளி கட்டிங் மாஸ்டரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அடுத்த திங்கட்கிழமைக்குள் கை சரியாகாவிட்டால் வெட்டு மேஜை மச்சானுக்கு. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. மாஸ்டரே தொழில் கற்றுக்கொடுத்த ஆள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

பிசியோதெரபிஸ்ட் ஓர் இளம்பெண். முழங்கையை அழுத்திப் பார்த்துவிட்டு டென்னிஸ் எல்போ என்றாள்.

“டென்னிஸ் மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னுகூட எனக்குத் தெரியாதும்மா,” என்றார் மாஸ்டர். ஊசி நூலோடு மாரடிக்கிறவனுக்கு இப்படி ஒரு வியாதியா?

விளையாடாதவர்களுக்கும் அது வருமாம். எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது, முறுக்கக் கூடாது என்றாள்.

மாஸ்டர் கத்தரிக்கோலைத் தொடவில்லை. வலி குறையவில்லை. வீட்டில் துணி பிழிவதை விட்டார். மச்சான் வந்து பிழிந்து கொடுத்து, அக்காவிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டான். வலி கூடியது. பிசியோதெரபிஸ்ட் முழங்கைக்குக் கீழே பட்டை கட்டினாள், இன்னும் கூடியது. தினமும் வரச் சொன்னாள். வந்தால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் முன்னால் போவதைப் பார்த்தபடி, அங்கே கிடந்த பத்திரிகையோடு உட்கார்ந்து மாஸ்டர் பொருமினார்.

சனிக்கிழமை காத்திருந்தது ஒன்றேகால் மணி நேரம். உள்ளே போனவர் உட்காரக்கூட இல்லை.

“வரும்போது சுமாரா இருக்கு. இங்கிருந்து போகும்போதுதான் உசுரு போகுது. நீங்க வைத்தியம் பண்றீங்களா, வலியை வளக்குறீங்களா?”

அவள் குறிப்பேட்டைப் புரட்டினாள். பத்துக்கு எவ்வளவு வலி என்று அவரைக் கேட்டு அவளே எழுதியதுதான். கிளினிக்கிலிருந்து போனதும் எட்டு, மறுநாள் காலையில் நாலு. ஆறு நாளும் அப்படியே. மாஸ்டருக்கு நியாயம் கிடைத்துவிட்டது. வைத்தியத்தால்தான் வலி கூடுகிறது என்று எழுதிக் கொடுங்கள், முதலாளியிடம் காட்டுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

அப்போது கூட்டிப் பெருக்கும் அம்மாள் ஒரு வாளியோடு உள்ளே வந்தாள். வாளி நிறையப் பத்திரிகைகள், ஒவ்வொன்றும் கயிறாக முறுக்கப்பட்டு.

“டாக்டரம்மா, ஐயா உக்காந்து எந்திரிச்ச இடத்துல தினமும் இப்படித்தான் கிடக்குது. முறுக்குறதுதான் முறுக்குறாரு, நாளையிலேருந்து என் மாப்புத் துணியையாவது குடுத்துப் பாக்கலாமா?”