மேயர் எனிட் புல்வெளி கடந்த படலம்

கோதுமைக் கடல் சூழ்ந்த நரவில்லா மாநகரைத் தன் மூக்குக்கண்ணாடி வழியே காத்தருள்பவளும், பயிர்களைத் தின்னும் துருநோயின் காலனும், வேளாண் கல்லூரி வகுப்பறையில் இருபத்தொன்பது ஆண்டுகள் சாக்பீஸே வாளாக நின்று உறக்கமென்னும் அரக்கனோடு பொருது மூவாயிரம் மாணவரை மீட்டவளும், நாற்பத்தொரு வாக்கு என்னும் மாபெரும் வித்தியாசத்தில் அரியணை ஏறியவளுமான மேயர், டாக்டர் எனிட் டிரெதோவன் நீடு வாழ்க. ஒரு பிடி மண்ணை முகர்ந்தே அது யார் தோட்டத்து மண் என்று சொல்லும் அவளது நாசி வாழ்க. அந்த நாசிக்கு மேலே, செப்டம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், நாலு லிட்டர் வெனிலா ஐஸ்கிரீம் டப்பா கவிழ்ந்திருந்த கதையைச் சொல்லப் புகுகிறோம். கலைமகளே, சிரிக்காமல் சொல்லி முடிக்க அருள்வாய்.

நரவில்லா மாநகராட்சி மன்றத்துக்கு ஒரே வாசல். வாசலுக்கு முன்னே ஒரு புல்வெளி. புல்வெளியின் ஓரத்தில் வானளாவிய யூகலிப்டஸ் மரம். அதன் உச்சிக் கிளையில் மூன்று குஞ்சுகளோடு குடியிருந்தான் மேக்பை என்னும் பறவை வேந்தன். கார்முகிலில் பால் சிந்தியது போன்ற மேனியன். புல்லாங்குழல் நாணும் குரலன். அந்நாட்டில் செப்டம்பரில் பிறக்கும் வசந்தம் வந்தால் மட்டும், குஞ்சுகளைக் காக்க வழிப்போக்கர் மண்டைகளைக் குறிபார்க்கும் குணத்தன். தபால்காரரை ஏழு முறையும், துணை மேயர் காலின் ஸ்பார்கோவின் பளபளக்கும் வழுக்கையை மூன்று முறையும் அவன் கொத்தியிருந்தான்.

அந்த மூன்று காயங்களும் சேர்ந்து ஒரு தீர்மானமாகப் பிறந்தன: பறவையைப் பிடித்து எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் விட்டுவிட வேண்டும். மன்றத்திலோ பக்கத்துக்கு நால்வர். மேயரின் ஒற்றை வாக்குதான் முடிவு செய்யும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து அடிக்கும்போது மேயர் நாற்காலியில் இல்லையென்றால் அந்த வாக்கு துணை மேயருக்குப் போய்விடும். தகப்பனில்லாத கூட்டில் மூன்று வாயும் நிறையாது என்பதை எனிட் அறிவாள். மேக்பைகள் வேர்ப்புழுக்களைத் தின்று புல்வெளிகளைக் காப்பதைப் பற்றி முப்பது பக்க ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவள் அவள். மதியந்தோறும் அந்தப் புல்லில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றபடி, பறவை வேந்தன் இரு கையையும் பின்னால் கட்டிய கணக்கு வாத்தியார் போல நடப்பதைப் பார்த்து மகிழ்ந்தவளும் அவளே.

ஆயினும் விதி யாரை விட்டது. "புல்வெளியைக் கடப்போர் ஐஸ்கிரீம் டப்பாவைத் தலையில் கவிழ்த்து, பறவை பின்னாலிருந்து பாயாதபடி அதன் பின்புறம் இரு கண்கள் வரைந்துகொள்க" என்று மாநகராட்சி ஒட்டிய அறிவிப்பில் சென்ற வாரம்தான் அவள் கையெழுத்திட்டிருந்தாள். அரசி தன் ஆணையைத் தானே மீறுவதா? ஆகவே ஒன்பது ஐம்பதுக்குக் காரிலிருந்து இறங்கியவளின் மார்பில் மேயர் பதவிக்குரிய சங்கிலி மின்னியது. சென்னியில் வெனிலாக் கவசம் வெளுத்தது.

"ஒரு கண்ணு கொஞ்சம் மாறுகண்ணா போச்சு," என்றான் கணவன் முர்ரே, மார்க்கர் பேனாவை மூடியபடி. "ஆனா பாக்க பயமா இருக்கு. எனக்கே."

"உன்னைப் பயமுறுத்தறதுக்கு டப்பா எதுக்கு," என்றாள் எனிட். புல்வெளியில் அடி வைத்தாள்.

வந்தான் வேந்தன். இடியேறு மலையுச்சியில் இறங்கியது போல டப்பாவின் மேல் இறங்கினான். 'டொக்' என்னும் பேரொலி திசையெட்டும் பரந்தது. டப்பாவுக்குள் அது பதினாறு திசைகளில் பரந்தது. இரண்டாம் பாய்ச்சலில் கவசம் மூக்குக்கண்ணாடிவரை சரிய, முன்னே பாதையும் தெரியாமல் பின்னே மாறுகண் மட்டும் விழித்திருக்க, அவள் கப்பல் திசைமாறியது போல ரோஜாப் பாத்திக்குள் புகுந்தாள். மூன்றாம் பாய்ச்சலில் இடது காதில் குருதி துளிர்த்தது.

வாசற்படியில் நின்ற காலின் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மெதுவா வாங்க டாக்டரம்மா. ஒம்போது அம்பத்தாறுதான் ஆகுது. உங்க நாற்காலிய நான் சூடா வெச்சிருக்கேன்."

"காலின்," என்று பாத்திக்குள்ளிருந்து முழங்கினாள் எனிட், "இந்தப் பறவை எங்கயும் போகாது. நானும் உள்ள வந்தே தீருவேன். வழி எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

காலின் வானத்தைப் பார்த்தான். முர்ரேதான் கார் ஜன்னலை இறக்கினான். "எனிட், அந்த டப்பாவக் கழட்டும்மா. அதுக்கு உன்னை நல்லாத் தெரியும். டப்பாவத்தான் தெரியல."

அந்தோ, 'இப்பறவை கண்ட முகத்தை மறப்பதில்லை' என்று கட்டுரையின் பதினேழாம் பக்கத்தில் எழுதியவள், எழுதியதை மறந்திருந்தாள். மூவாயிரம் மாணவருக்கு மதிப்பெண் போட்ட அந்த மாதரசி தனக்குத்தானே சுழியம் போட்டுக்கொண்டாள். கவசத்தைக் கழற்றி எறிந்தாள். நரைமுடி காற்றில் பறக்க, போர்க்களத்தின் நடுவே வெறுந்தலையோடு மண்டியிட்டாள்.

நாலாம் பாய்ச்சலுக்குச் சிறகு விரித்தவன் பாதியில் நின்றான். புல்லில் இறங்கினான். தலையைச் சாய்த்து அவளை ஒரு கண்ணால் பார்த்தான்; திருப்பி, மறு கண்ணாலும் பார்த்தான். எனிட் மூச்சுவிடவில்லை. மண் அறிந்த அவளது சுட்டுவிரல் மட்டும் புல்லின் வேரடியில் புகுந்து, வெள்ளையாகச் சுருண்ட கொழுத்த புழு ஒன்றை வெளியே எடுத்தது. எந்த மன்னனும் எந்த மன்னனுக்கும் இத்தகைய திறை செலுத்தியதில்லை. வேந்தன் ஏற்றுக்கொண்டான்.

பிறகு அவள் நடந்தாள். அவனும் மெய்க்காப்பாளன் போல அவள் பக்கத்திலேயே நடந்தான். இருவரும் படியை நெருங்கவும், காலின் இரு கைகளாலும் வழுக்கையைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினான். மணிக்கூண்டில் பத்தாவது மணி அடங்குமுன், முழங்காலில் மண்ணும் காதில் குருதியும் நெஞ்சில் சங்கிலியுமாக நரவில்லாவின் நாயகி நாற்காலியில் அமர்ந்து, அகிலம் அதிரத் தன் வலக்கையை உயர்த்தினாள். நாலுக்கு ஐந்தாகத் தீர்மானம் வீழ்ந்தது. யூகலிப்டஸின் உச்சியில் மூன்று செவ்வாய்கள் திறந்து வெற்றிச் சங்கம் ஊதின.

மதியம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டாள்.