கொட்டையோடு தைத்த போர்வை

எந்தத் துணியைப் பார்த்தாலும் அதைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் சட்டை நுனியை மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். அவர் சட்டென்று தன் பர்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு, இலையைத் தூக்கிக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டார். பஸ்ஸில் கிழிந்த சீட்டை எல்லோரும் ஒதுக்குவார்கள். நான் தேடிப் போய் அதில்தான் உட்காருவேன். (உள்ளே என்னத்தை அடைத்திருக்கிறான் என்று பார்க்க வேண்டாமா?)

தையல் எனக்குத் தொழில் இல்லை. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மிஷின், கல்யாணச் சீரில் வந்தது. மகள் தைப்பாள் என்று நம்பி மாமனார் வாங்கிக் கொடுத்தார். என் மனைவி ராஜிக்கோ ஊசியைக் கண்டாலே தலைவலி. மிஷின்மேல் ஒரு துண்டை விரித்து ரேடியோவை வைத்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவை இறக்கிவிட்டு, இது எப்படித்தான் ஓடுகிறது பார்ப்போம் என்று மிதித்தவன்தான் நான். அதற்குப் பிறகு ரேடியோ தரைக்கு வந்தது, வந்ததுதான்.

முதலில் ஒரு தலையணை உறை தைத்தேன். தலையணையைவிடச் சிறிதாக அமைந்துவிட்டது. அதற்காக மனம் தளரவில்லை. தலையணையைப் பிரித்துப் பஞ்சைக் குறைத்தேன். பிறகு மிக்ஸிக்கு உறை, டிவிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை. எங்கள் வீட்டில் உடுப்பு இல்லாத சாமான் இட்லிக் கொப்பரை ஒன்றுதான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மாமனார் வீடு நாகலாபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். பெண்ணுக்குக் கொடுத்த மிஷினை மாப்பிள்ளை மிதிக்கிறார் என்று அங்கே எப்படிச் சொல்வது? நான் தைத்ததையெல்லாம் ராஜி தன் கைவேலை என்று சொல்லி அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள். அவள் அம்மா, அதாவது என் அத்தை, அதைத் தெருவெல்லாம் காட்டுவார். "எங்க ராஜி தையலப் பாத்தியளா! ஊசி போன தடமே தெரியல." பக்கத்தில் நான் காப்பியைக் குடித்துக்கொண்டு, சம்பந்தமில்லாத ஆள் மாதிரி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாமனார் கரிசல்காட்டுச் சம்சாரி, பரம்பரை விவசாயி. என்னிடம் பேசவே மாட்டார். "வாங்க மாப்பிள்ளை", "சாப்பிட்டாச்சா", "போயிட்டு வாங்க." இந்த மூன்றையும் அந்தந்த இடத்தில் சொல்லிவிட்டால் அவர் கடமை முடிந்தது. கல்யாணம் ஆன புதிதில், அவர் காட்டில் (புஞ்சை நிலத்தை அங்கே காடு என்றுதான் சொல்வார்கள்) நின்ற உளுந்தை நான் பாசிப்பயறு என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு என்னை ஏற இறங்கப் பார்த்தவர்தான், அதற்குப் பிறகு நான்காவதாக ஒரு வாக்கியத்தை எனக்காகச் செலவழிக்கவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு நாள் பழைய பேப்பர் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கிடைத்தது. பக்கம் முழுக்கத் துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த போர்வைகள். நட்சத்திரம், விசிறி, தேன்கூடு என்று என்னென்னவோ வடிவங்கள். அதற்குப் பெயர் குயில்ட் என்று போட்டிருந்தது. மேல்துணி, கீழ்துணி, நடுவில் பஞ்சு என்பது வரை படித்தேன். பஞ்சை எப்படி வைப்பது என்று சொல்லும் அடுத்த பக்கத்தை யாரோ கிழித்திருந்தார்கள். (கடலை மடித்திருப்பார்கள்.) அதற்கும் அடுத்த பக்கத்தில், தைத்து முடித்ததும் போர்வையை ஒரு முறை தண்ணீரில் அலசிக் காயவைத்தால் அழகாகச் சுருக்கம் விழும் என்று இருந்தது.

கோவில்பட்டி வெயிலில் பஞ்சுப் போர்வை எதற்கு என்று கேட்பீர்கள். ராஜியும் கேட்டாள். "மார்கழியில கூட ஃபேன் இல்லாம தூங்க முடியல. இதப் போத்தி யாரக் கொல்லப் போறீங்க?" நியாயமான கேள்விதான். என் மனசிலோ, அந்தக் கிழிந்த பக்கத்துச் சங்கதி என்னவாக இருக்கும் என்ற ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

தெரிந்த டெய்லர் அண்ணாச்சி வெட்டுத்துணிகளை ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார். பஞ்சுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது, தலையணைக்கு ஆகும் என்று மாமனார் தன் காட்டுப் பருத்தியில் ஒரு மூட்டை ராஜியிடம் கொடுத்துவிட்டிருந்தார். அது அப்படியே பரணில் கிடந்தது. காட்டில் எடுத்தபடி கொட்டையோடு கிடந்த பருத்தி. உட்கார்ந்து கொட்டையைப் பிரிக்க ஆரம்பித்தேன். கொட்டைக்கும் பஞ்சுக்கும் உள்ள பாசம் தாய்க்கும் பிள்ளைக்கும் கூடக் கிடையாது. விரல் நுனி வீங்கியதுதான் மிச்சம்.

அப்போதுதான் என் மூளையில் ஒரு யோசனை உதித்தது. கொட்டை ஏன் போக வேண்டும்? கொட்டையோடு இருந்தால் போர்வை கனமாக உடம்பில் படியுமே! கிழிந்துபோன அந்தப் பக்கத்தில் இதைத்தான் சொல்லியிருப்பான் என்றுகூட எனக்குத் தோன்றியது.

"என்னங்க, கொட்டையோடயா வச்சுத் தைக்குதீங்க?"

"இது ஒரு புது முறை."

"யாரு கண்டுபிடிச்சது?"

நான் மிஷினை மிதிக்க ஆரம்பித்தேன். மிஷினும் வேண்டாம் என்று பல தடவை சொல்லிப் பார்த்தது. கொட்டையில் இடித்து ஊசி ஒடிந்தபடியே இருந்தது. அதற்கும் வழி கண்டேன். கட்டம் கட்டமாகப் பை மாதிரி தைத்து, உள்ளே பருத்தியைத் திணித்து, கொட்டையை ஓரத்துக்கு வராமல் தள்ளிவிட்டு வாயை மூடினேன். ஆபீஸ் விட்டு வந்தால் அதே வேலை. ஆடியில் ஆரம்பித்தது, புரட்டாசிக் கடைசியில் முடிந்தது. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய் அதைக் கட்டிலில் விரித்தபோது ராஜியே கிட்ட வந்து தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். "ஐப்பசியில அப்பா புது வீட்டுக்குப் பால் காய்ச்சுதாவ. அதுக்கு இதக் கொண்டு போவோம். நான் தைச்சேன்னு சொல்லிக்கிடுதேன்."

கொண்டுபோவதற்குச் சில நாட்களுக்கு முன், பத்திரிகை சொன்னபடி அலசினேன். கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினேன், மழை பிடித்துக்கொண்டது. வருஷம் முழுக்க வானத்தைப் பார்த்துக் கிடக்கிற ஊர். நான் துணி துவைத்த அன்றைக்குப் பார்த்து ஐப்பசி பிறந்துவிட்டது. வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். விரிப்பதற்குள் அடுத்த தூறல். கடைசியில் சுருட்டி, பாலித்தீன் உறைக்குள் போட்டு, அடுப்படியில் சூடு படுகிற இடத்தில் வைத்தேன். அந்தச் சூட்டில் காய்ந்துவிடும் என்பது என் கணக்கு. (கணக்குத்தான் எனக்குத் தொழில் என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.)

புறப்படும் அன்று மேலாக அழுத்திப் பார்த்தேன். வெதுவெதுப்பாக, அங்கங்கே புடைப்பாக இருந்தது. பஞ்சு திரண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விளாத்திகுளம் தாண்டியதும் பஸ்ஸில் ஒரு வாடை கிளம்பியது. ஈர மண், ஊறப்போட்ட மாட்டுத்தீவனம், கொஞ்சம் பூஞ்சை, எல்லாம் கலந்த ஒரு வாடை. முன் சீட்டு அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார். ராஜி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

வெளியே மழை பெய்த கரிசல் கறுகறுவென்று கிடந்தது. பச்சையையே காணோம். ஊருக்குப் போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. முதல் மழைக்கு எல்லோரும் பருத்தி போட்டிருக்கிறார்கள். மாமனார் தன் சொந்த விதையை விட்டுவிட்டு, பாக்கெட் விதை வாங்கிப் போட்டிருக்கிறார். யார் காட்டிலும் முளைக்கவில்லை. விதை சரியில்லையா, மண் இறுகிவிட்டதா, மழை கூடிப்போனதா, யாருக்கும் தெரியவில்லை. ஈரம் காய்வதற்குள் மறுபடி விதைக்காவிட்டால் அந்த வருஷம் காடு தரிசு. புது வீட்டில் பால் பொங்கியும் மாமனார் முகத்தில் களை இல்லை.

சாப்பாடு முடிந்து ஜமுக்காளத்தில் எல்லோரும் உட்கார்ந்தபோது, ராஜி மூட்டையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"என்னட்டி அது?" என்றார் அத்தை.

"குயில்ட்டும்மா. நானே தைச்சேன்."

"குயிலா? குயிலயா தைச்சே?"

ராஜியின் சித்தப்பா ஆறுமுகம், எதையும் முந்திக்கொண்டு செய்கிறவர், பாலித்தீனைக் கிழித்து ஒரே உதறலில் போர்வையை விரித்தார்.

உட்கார்ந்திருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள்.

மடிப்புக்குள் இருந்த கட்டமெல்லாம் முளைத்திருந்தது. தையல் இடுக்கு வழியாக வெள்ளை வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சில கட்டங்களில் வெளிறிய மஞ்சள் முளை, தலையில் கொட்டை ஓட்டைத் தொப்பி மாதிரி கவிழ்த்துக்கொண்டு, கூட்டத்தை எட்டிப் பார்த்தது. நான் பாடுபட்டுத் தைத்த சிவப்பு நட்சத்திரத்தின் நட்ட நடுவில் இரண்டு இலை.

"நான் தைக்கல!" என்றாள் ராஜி. "அவியதான் தைச்சாவ. மிக்ஸி உறை, டிவி உறை எல்லாமே அவியதான்."

ஒரே மூச்சில் என் கலைக்கான முழு உரிமையும் எனக்கே வந்து சேர்ந்தது. அத்தை என்னையும் போர்வையையும் மாறி மாறிப் பார்த்தார். கதவோரம் நின்ற யாரோ ஒரு பெண், "புது வீட்டுக்கு மாப்பிள்ளை முளைப்பாரி கொண்டாந்திருக்காவ!" என்று சொல்லிவிட்டுக் குலவை போட்டாள். அதற்கு இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். புது வீட்டின் சிமெண்டுத் தரை பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. தரை உறுதியாகத்தான் போட்டிருந்தார்கள்.

மாமனார் எழுந்து வந்தார். குனிந்து ஒரு முளையைப் பிடுங்கினார். வேரை நகத்தால் கீறிப் பார்த்தார். மோந்து பார்த்தார். வீடே அவர் வாயைப் பார்த்தது.

"இது எந்தப் பருத்தி மாப்பிள்ளை?"

நான்காவது வாக்கியம்!

"உங்க பருத்திதான் மாமா. சித்திரையில குடுத்துவிட்டீங்களே."

"நம்ம காட்டுப் பருத்தியா?" அவர் குரல் மாறிவிட்டது. "ஏலே ஆறுமுகம், கத்திரிய எடு. எல்லாக் கட்டத்தையும் பிரி. எத்தன முளைச்சிருக்கு, எத்தன கெட்டுப்போயிருக்குன்னு பாத்துருவோம். நம்ம விதை விதைக்கத் தேறுமான்னு தெரிஞ்சுபோகும்."

மூன்று மாதம் நான் தைத்ததை ஒரு குடும்பமே வட்டமாக உட்கார்ந்து பிரித்தது. நட்சத்திரம் போனது, விசிறி போனது. ஒவ்வொரு கத்திரிச் சத்தத்துக்கும் என் நெஞ்சு ஒரு தரம் கிழிந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அடுத்த கட்டத்தில் என்ன இருக்கிறது என்று முதல் ஆளாகத் தலையை நீட்டிப் பார்த்ததும் நான்தான். ஒரு கட்டத்தில் அத்தனையும் முளைத்திருந்தது. அடுத்த கட்டத்தில் ஒன்றுகூட இல்லை, பூஞ்சைதான். ஏன்? அது நீலத் துணி, இறுக்கமான நெசவு, காற்றுப் புகவில்லை என்றேன் நான். மாமனார் அந்த நீலத் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்பக்கம் திருப்பித் தையலையும் பார்த்தார்.

"மிஷின் நல்லா ஓடுதா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஓடுது மாமா. பெல்ட் மட்டும் ஒருக்க மாத்துனேன்."

"எண்ணெய் விடுதீங்களா?"

"வாராவாரம் விடுதேன்."

தலையை ஆட்டினார். அத்தோடு அந்த ரகசியம் தீர்ந்தது.

கட்டங்களில் பாதிக்கு மேல் நன்றாகவே முளைத்திருந்தது. அவர் பழைய வீட்டுக்குப் போய், தாழ்வாரத்தில் மிச்சம் கிடந்த அதே காட்டுப் பருத்தியை விதைக்காக இழுத்துப் போட்டார். விருந்துக்கு வந்தவர்கள் பட்டுச்சேலையோடும் கரைவேட்டியோடும் உட்கார்ந்து கொட்டை பிரித்தார்கள். விதையில் ஒட்டிய பஞ்சு படிவதற்காகச் சாணிக் கரைசலில் உருட்டி, மறுநாள் காலையில் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். என் விரல் மறுபடி வீங்கியது. இந்தத் தடவை யாரும் கேலி செய்யவில்லை.

அந்த வருஷம் அமோகமாக விளைந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கடைசி மழை ஏமாற்றிவிட்டது. ஆனால் காடு தரிசாகக் கிடக்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு புரட்டாசியிலும் மாமனாரிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. "மாப்பிள்ளை, இந்த வருசம் ஏதும் தைக்குதீங்களா? கொஞ்சம் விதை குடுத்துவிடுதேன், பாத்துச் சொல்லுங்க." அதற்கென்றே ஒரு துணி தைத்தேன். வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள், வீட்டுக்கு ஒரு நிறம். மாமனார் வீட்டுக்குச் சிவப்புக் கட்டம், ஆறுமுகம் சித்தப்பாவுக்கு மஞ்சள். நனைத்துச் சுருட்டி அடுப்படியில் வைத்தால், சில நாளில் எந்த வீட்டு விதை தேறும் என்று தெரிந்துவிடும். ராஜி இன்றைக்கும் அந்த மூலைக்குப் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

போன வருஷம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பற்றி ஆறுமுகம் சித்தப்பாவிடம் விசாரித்தார். நான் உள்ளிருந்து பஜ்ஜித் தட்டோடு வந்துகொண்டிருந்தேன்.

"பொண்ணோட அப்பாவுக்கு என்ன தொழில்?"

"ஆபீஸ்ல கணக்கு. பருத்தி விவசாயமும் உண்டு."

"அப்படியா? எத்தன ஏக்கர்?"

"ஏக்கரெல்லாம் இல்ல" என்றார் சித்தப்பா. "ரெண்டரை மீட்டர்."