இருபத்திரண்டாவது ரகம்

போன மாதம் எனக்கு வந்த வேலை இவ்வளவுதான்: மச்சானுடைய குட்டிப் பாட்டுப் பெட்டியில் பாட்டு ஏற்றிக் கொடுக்க வேண்டும்.

அரை மணி நேர வேலை. பஜாரில் செல்போன் கடைக்காரரிடம் கொடுத்தால் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார். மச்சானும் அங்கேதான் போவதாக இருந்தார்.

நான்தான் தடுத்தேன்.

மச்சான் என்றால் என் மனைவி ஜெசிந்தாவின் அண்ணன். தோணியில் தண்டல். கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ, தோணிக்குத் தண்டல் அப்படி. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு போய் இறக்கிவிட்டுத் திரும்ப எப்படியும் பதினெட்டு நாளாகும்.

அவர் தோணியில் ஒரு சட்டம் உண்டு. போனில் யாரும் பாட்டுக் கேட்கக் கூடாது. சார்ஜ் தீர்ந்துவிட்டால் கரை தெரிகிற நேரத்தில் வீட்டுக்குப் பேச முடியாது. அதனால் பாட்டுக்கென்று தனியாக, தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. பென்சில் பேட்டரி போட வேண்டும். திரை கிடையாது. அடுத்த பாட்டுக்கு ஒரு பொத்தான்.

"பாட்டு இல்லன்னா சுக்கான் புடிக்கவன் அசந்துருவான் மாப்ள," என்றார் மச்சான். "போன தடவை ஒருத்தன் அசந்துட்டான். நான் முழிச்சுப் பாக்கேன், தோணி வந்த வழியே திரும்பிப் போய்க்கிட்டு இருக்கு!"

அவர் போனதும் ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். "எங்கண்ணன் இத்தன வருசத்துல நம்மகிட்ட ஒண்ணு கேட்டதில்ல. ஒழுங்கா செஞ்சு குடுங்க."

ஒழுங்காக! இயற்பியல் வாத்தியாரிடம் சொல்லக் கூடாத சொல் அது.

கருவியில் இடம் ஒரு ஜிபி. அதில் எத்தனை பாட்டு அடங்கும் என்பது, பாட்டை எவ்வளவு அமுக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. அதைத்தான் பிட்ரேட் என்கிறார்கள். ஜெசிந்தா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிகிற மாதிரி விளக்கினேன்.

"இப்ப மீன் இருக்குல்ல? அதக் காய வச்சா தண்ணி போயிரும், சுருங்கிரும். கூடையில நெறைய வைக்கலாம். ஆனா பழைய மீன் திரும்ப வராது. கடைக்காரர் போடுதது எல்லாம் கருவாடு."

"கருவாடு நல்லாத்தான இருக்கும்?" என்றாள்.

இப்படிப்பட்டவர்களிடம் விஞ்ஞானம் பேசிப் பயனில்லை. பரிசோதனைதான் வழி என்று முடிவு செய்தேன்.

ஒரே பாட்டை எடுத்து, வேறு வேறு அமைப்புகளில் அமுக்கி, ஒப்பிட்டுப் பார்ப்பது. பழைய டூயட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்டீரியோ புதிதாக வந்த காலத்துப் பதிவு. அந்தப் பெருமையில் ஆண் குரலை முழுக்க இடது காதிலும், பெண் குரலை முழுக்க வலது காதிலும் வைத்திருப்பார்கள். பாட்டு மண்டைக்குள் குறுக்கே நடந்து போகும். சோதனைக்கு இதைவிட உயர்ந்த பாட்டு கிடையாது.

முதல் ரகம், அமுக்காத அசல். அடுத்து பிட்ரேட் முந்நூற்றிருபது; எண் குறையக் குறைய அமுக்கம் கூடும். பிறகு இருநூற்றைம்பத்தாறு. அப்படியே இறங்கி இறங்கி, மாறும் பிட்ரேட், மாறாத பிட்ரேட் என்று மொத்தம் இருபத்திரண்டு ரகம் செய்தேன். இருபத்திரண்டாவது நாற்பத்தெட்டு கேபிபிஎஸ், மோனோ. இடதையும் வலதையும் ஒன்றாகக் கலந்து, தொண்டையில் பஞ்சை அடைத்துக்கொண்டு பாடினால் எப்படி இருக்கும், அப்படி. அதைக் கேட்பதற்காகச் செய்யவில்லை. மனிதன் எவ்வளவு தூரம் கீழே போகலாம் என்பதற்கு ஓர் எச்சரிக்கையாகச் செய்தேன்.

ஜெசிந்தா காதில் இயர்போனை மாட்டிவிட்டேன்.

"ஏழாவது எப்படி?"

"நல்லாருக்கு."

"எட்டாவது?"

"நல்லாருக்கு. ஆனா ஏழாவதுதான் உசத்தி."

எனக்குப் புல்லரித்துவிட்டது! "எப்படிக் கண்டுபுடிச்ச?"

"ஏழாவதப் போடயில உங்க மூஞ்சி பூசையில நிக்கது மாதிரி இருந்துச்சு. எட்டாவதுக்கு அப்படி இல்ல."

சோதனை செய்கிறவனின் முகத்தையும் மறைக்க வேண்டும் என்று விஞ்ஞானம் சொல்வது இதனால்தான்.

அடுத்து என் முறை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஜெசிந்தா இறால் கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒன்றைக் கேட்டதும் துள்ளி எழுந்தேன். "இதுதான்! அசல்! அந்த ஜால்ராவோட வால் தேயுது பாரு, அமுக்குன பாட்டுல இது வரவே வராது!"

"பதினாறாவது," என்றாள். "தொண்ணூத்தாறுன்னு போட்டிருக்கு."

பக்கத்து வீட்டு மிக்சிதான் காரணம் என்று விளக்கினேன். அவள் இறாலுக்குத் திரும்பினாள். அந்த முதுகில் பெரிய விமர்சனம் இருந்தது.

ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. அந்த டூயட்டை முதலில் வைத்துத் தொண்ணூறு பாட்டு பொறுக்கி, எல்லாவற்றையும் முந்நூற்றிருபதிலேயே தயார் செய்தேன். அதை 'மச்சான்' என்ற கோப்புறையில் வைத்தேன். இருபத்திரண்டு ரகங்களை 'மச்சான் சோதனை' என்ற கோப்புறையில் வைத்தேன். ஒழுங்கு என்றால் இது!

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன்.

"மாப்ள, கிளியரன்ஸ் கெடச்சிட்டு. சாயங்காலம் இல்ல, இப்பமே கெளம்புதோம். பாட்டு ரெடியா?"

பள்ளியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கோப்புறையை இழுத்துக் கருவியில் போட்டேன். அவசரத்திலும் சரிபார்க்கத் தவறவில்லை. காதில் வைத்து முதல் பாட்டைக் கேட்டேன். அந்த டூயட். என்ன துல்லியம்! திருப்தியோடு பைக்கை எடுத்தேன்.

துறைமுகத்தில் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கருவியைக் கொடுத்துவிட்டு, "மச்சான், இதுல இருக்கது சாதாரணப் பாட்டு இல்ல. ஒவ்வொண்ணும் பாத்துப் பாத்துச் செஞ்சது," என்றேன்.

அது மட்டும் உண்மை.

வீட்டுக்கு வந்து கணினியைப் பார்த்தேன். 'மச்சான்' கோப்புறை தொண்ணூறு பாட்டோடு திறந்து கிடந்தது. அதன் மேல் இன்னும் நின்றுகொண்டிருந்த செய்தி: 'மச்சான் சோதனை' முழுவதும் நகலெடுக்கப்பட்டது.

போன் போட்டேன். முயல் தீவைத் தாண்டிப் போயிருப்பார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே.

ஜெசிந்தா நிதானமாகக் கேட்டாள். "தோணியில எட்டுப் பேரு. பதினெட்டு நாளு. எத்தன பாட்டு?"

"இருபத்திரண்டு."

"எத்தன பாட்டு?"

"...ஒண்ணு."

அந்தப் பதினெட்டு நாளும் நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை. சுக்கான் பிடிப்பவன் அதே பாட்டைக் கேட்டு அசந்து, தோணி ஆப்பிரிக்கா பக்கம் போவதாகக் கனவு வரும். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அந்த எட்டு வீட்டுப் பெண்களும் என்னைப் பார்த்த பார்வையில், ஜெசிந்தா விஷயத்தை ரகசியமாக வைக்கவில்லை என்று புரிந்தது.

தோணி வந்த அன்று அவளே என்னைத் துறைமுகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மச்சான் மாலத்தீவு மாசிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு இறங்கி வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன்.

"இரிங்க மாப்ள. மொத நாளு மெசினு சிக்கிட்டுன்னு நெனச்சோம். அடுத்த பாட்டு அமுக்குனா அதே பாட்டு. அடுத்தது, அதே பாட்டு. அப்பம் நாந்தான் சொன்னேன், ஏலே, மாப்ள வாத்தியாருல்லா, மனப்பாடம் பண்ணச் சொல்லுதார்லன்னு."

பின்னால் நின்ற சூசை என்ற மாலுமி குறுக்கே வந்தார். "அது கூடப் பரவால்ல அண்ணாச்சி. சண்டைதான் பெருசா வந்துச்சு."

"என்ன சண்டை?"

"சுக்கான்ல ரெண்டு பேரு இருப்போம்லா? ஆளுக்கு ஒரு காதுதான் மாட்டுவோம். ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது இன்ஜினுக்கு. ரெண்டையும் அடச்சா இன்ஜின் இருமுனா தெரியாது பாத்துக்கிடுங்க."

பாட்டைப் பற்றி இருபத்திரண்டு விதமாக யோசித்தவன், எத்தனை காதில் கேட்பார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தண்டல் காதுல ஆம்பள பாடுதான். என் காதுல பொம்பள மட்டும்தான். அவ என்னமோ பதில் சொல்லுதா, கேள்வி என்னன்னு எனக்குத் தெரியல. 'அவன் என்ன கேட்டான் தண்டலே?'ன்னு நான் கேக்க, 'ஏதோ நெலாவப் பத்திக் கேக்காம்ல'ன்னு இவரு சொல்ல. பதினெட்டு நாளும் இதே பொழப்பு!"

"அப்போ யாரும் அசரலையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எங்க அசர?" என்றார் மச்சான். "ஒவ்வொருத்தனும் எண்ணிக்கிட்டு இருப்பான். பதினெட்டு, பத்தொம்பது, இருபது... இருபத்திரண்டாவது வருதுல்லா, அதுல ரெண்டு பேரும் ரெண்டு காதுலயும் வாராங்க! அது வந்ததும் சுக்கான்ல கைதட்டுதான். மாப்ள, அந்த ஒண்ண மட்டும் எப்படி அவ்வளவு நல்லாச் செஞ்சிய?"

அது மோனோ என்றும், நாற்பத்தெட்டு என்றும், தொண்டையில் பஞ்சு என்றும் சொல்லத் தொடங்கினேன். ஜெசிந்தா என் காலை மிதித்தாள்.

"ரொம்ப பாடுபட்டுச் செஞ்சாருண்ணே," என்றாள்.

"அடுத்த நடைக்கு எல்லாப் பாட்டும் அந்த ரகத்துலயே வேணும்," என்றார் மச்சான்.

இப்போது மற்றத் தோணிகளின் தண்டல்களும் கருவியோடு வீட்டுக்கு வருகிறார்கள். ஒரு ஜிபியில் அறுநூறு பாட்டு அடங்குகிறது. செல்போன் கடைக்காரர் வழியில் பார்த்து, "அண்ணாச்சி, அது என்ன ரகம், எனக்கும் சொல்லுங்க," என்று கேட்டார். தொழில் ரகசியம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று மத்தியானம் ஜெசிந்தா சோற்றுக்குப் பக்கத்தில் பொரித்த கருவாடு வைத்தாள்.

நல்லாத்தான் இருந்தது.