எங்கள் வீட்டுச் சதுப்பு நிலத்தின் திறப்பு விழா

ஐ.டி. கம்பெனி நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்தவனுக்கு முதுகுவலி வரும். இல்லாவிட்டால் இயற்கைமேல் காதல் வரும். முதுகுவலியைக் குடும்பம் தாங்கிக்கொள்ளும். எனக்கு வந்தது இரண்டாவது.

அப்போது புனேயில், மகர்பட்டா ஐ.டி. வளாகத்தில் வேலை. நகரத்தின் விளிம்பில் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் கடைசி வரிசையில் தனி வீடு வாங்கியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால், எங்கள் பத்திரத்தில் சேர்ந்த ஒரு பள்ளம். (பில்டர் அதை 'கார்டன்' என்று சொல்லித்தான் விற்றார்.) கட்டட இடிபாட்டைக் கொட்டி அரைகுறையாக மூடியிருந்தார்கள். வீடுகள் வருவதற்கு முன் மழைக்காலத்தில் அங்கே நீர் தேங்கும், தவளை கத்தும் என்று சொசைட்டி சேர்மன் காளே காகா (மராத்தியில் காகா என்றால் சித்தப்பா) பேச்சுவாக்கில் சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். என் காதில் விழுந்ததோ, "சதுப்பு நிலத்தை மீட்க நீதான் பிறந்திருக்கிறாய்" என்று.

இணையத்தில் நாலைந்து வீடியோ பார்த்தேன். நிபுணனாகிவிட்டேன். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், அகல விளிம்புத் தொப்பி எல்லாம் வந்து சேர்ந்தன. சொட்டு ஈரமில்லாத கல்மேட்டில் அந்த பூட்ஸோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டேன்.

மனைவி சுமதி காபியோடு வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, மழை பேஞ்சா அதுவே ரொம்பிக்கும். கல்லை மட்டும் அள்ளி வெளியே போட்டுட்டுச் சும்மா இருங்களேன். இந்த வெயில்ல எதுக்குங்க இந்தத் தோண்டு தோண்டறீங்க?"

"இதெல்லாம் சூழலியல், சுமதி. உனக்குப் புரியாது."

(அவள் கோவையில் தாவரவியல் முதுகலை படித்தவள். நான் மெக்கானிக்கல், அதிலும் அரியர்ஸ்.)

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பள்ளத்தின் ஓரத்தில் கடப்பாரையை ஓங்கிப் போட்டேன். 'ணங்' என்றது. பாறை என்று முடிவு செய்து இன்னொரு போடு போட்டேன். மண் மெல்ல நனைந்தது. பிறகு கலங்கலாக நீர் ஊறி வந்தது. நான் மண்டியிட்டேன். நிஜமாகவே மண்டியிட்டேன். கண்ணில் நீர். ஊற்று!

அந்த இடத்தைச் சுற்றிக் கூழாங்கல் அடுக்கி ஒரு சின்ன மேடை கட்டினேன். ஆற்றோரத்திலிருந்து கோரையும் சம்புப் புல்லும் பிடுங்கி வந்து நட்டேன். சில நாளில் பள்ளம் நிறைந்தது. ஒரு கொக்குகூட வந்து நின்றது. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் நிலா, "அப்பா, தேகோ தேகோ, கொக்கு!" என்று கத்தியதில் அது பறந்தது. (அவள் தமிழில் பாதி இந்தி இருக்கும், பறவையின் பெயராவது தமிழில் வந்ததே என்று அதற்கும் பெருமைப்பட்டேன்.)

இதே நாட்களில் சொசைட்டியில் தண்ணீர்ப் பஞ்சம். மேட்டில் இருந்த பொதுத் தொட்டி மதியத்துக்குள் காலியாகி, தினம் டேங்கர் வந்தது. பொதுக்கூட்டத்தில் யாரோ மோட்டார் வைத்து உறிஞ்சுவதாகப் பேச்சு எழுந்தது. அங்கே எழுந்து நின்று, மேஜையைத் தட்டி, "தண்ணீர்த் திருடனைக் கண்டுபிடித்தால் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டவேண்டும்" என்று இந்தியில் முழங்கியவன் யார் என்று நினைக்கிறீர்கள்? கைதட்டலைத் தலைவணங்கி வாங்கிக்கொண்டு, ஞாயிறன்று என் சதுப்பு நிலத் திறப்பு விழாவுக்கு எல்லோரையும் அழைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

குடியிருப்பே திரண்டு வந்தது. இயற்கைமேல் ஆர்வம் என்று நினைத்தேன். (சுமதி மெதுவடை போடப்போகும் செய்தி முந்திக்கொண்டிருந்தது.) காளே காகா வெள்ளை பேன்ட்டில் வந்து ஊற்றருகே நின்றார். நாடா கட்டியிருந்தேன். கையில் மைக்.

"கோடையிலும் வற்றாத இந்த ஊற்று..." என்று ஆரம்பித்தேன்.

ஊற்று நின்றுவிட்டது.

கூட்டம் குனிந்து பார்த்தது. கூழாங்கல்லுக்கு நடுவே ஒரு குமிழி வந்து உடைந்தது. அதுவும் கடைசிக் குமிழி. நான் அசரவில்லை. "இயற்கைக்குக் கூச்சம் உண்டு. கூட்டம் கண்டால் அடங்கும்" என்றேன். சிலர் தலையாட்டினார்கள். சுமதி மட்டும் வடைத் தட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க," என்றாள் தாழ்ந்த குரலில், "தொட்டி கழுவறாங்கன்னு காலையில இருந்து வால்வை மூடறதும் திறக்கறதுமா இருக்காங்கங்க."

"அதற்கும் இதற்கும் என்ன?"

அந்தக் கேள்விக்குப் பதில் மேட்டிலிருந்து வந்தது. கழுவி முடித்து யாரோ வால்வைத் திறந்திருக்க வேண்டும். என் கூழாங்கல் மேடை ஒரு குலுங்கு குலுங்கியது. ஊற்று ஆளுயரம் பீறிட்டு, காளே காகாவின் வெள்ளை பேன்ட்டை இடுப்புவரை சேறாக்கியது.

அவர் கத்தவில்லை. அதுதான் பயங்கரம். நிதானமாகப் போனை எடுத்து வாட்ச்மேனிடம், "வால்வ் பந்த் கர்" என்று மூடச் சொன்னார். ஊற்று படுத்தது. "அப் கோல்." ஊற்று எழுந்தது. "ஃபிர் பந்த் கர்." படுத்தது. பழக்கிய நாய்க்குட்டிகூட அவ்வளவு கீழ்ப்படியாது.

குளிக்காமல் வந்திருந்த ஐம்பது பேர் என் சதுப்பு நிலத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அவர்களுடைய குளியல், சமையல், துணி துவைப்பு எல்லாம் என் கோரைப்புல்லுக்கு நடுவே கிடந்தன. நான் மைக்கை அணைக்கவும் மறந்திருந்தேன். சுமதி, "உங்க கடப்பாரையில பாறையா தட்டுப்பட்டுது?" என்று கேட்டது குடியிருப்பு முழுக்கக் கேட்டது. தமிழ் தெரியாதவர்களுக்கும் அர்த்தம் புரிந்தது.

தண்ணீர்த் திருடன் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். நான் மேஜை தட்டி நிறைவேற்றிய தீர்மானம், எதிர்க்க வழியில்லை. வடையை மட்டும் ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

குழாயைச் சரி செய்தபின் என் ஈரநிலம் நாலே நாளில் காய்ந்து வெடித்துப்போனது. ஜூனில் மழை பிடித்தது. பள்ளம் தானாக நிறைந்தது. எங்கிருந்தோ தவளைகள் வந்தன. சுமதி பெயர் தெரிந்த புற்களும் எனக்குப் பெயர் தெரியாத புற்களும் முளைத்தன. கோடையில் காய்வதும் மழையில் நிறைவதும்தான் அதன் குணம் என்று அவள் சொல்ல, நான் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு கேட்டேன். அன்றிலிருந்து அங்கே என் வேலை, சுமதி காட்டும் இடத்தில் கல் பொறுக்குவது மட்டும்தான்.

சொசைட்டியில் எங்கே நீர் கசிந்தாலும் இன்றும் முதலில் அடிப்பது எங்கள் வீட்டு மணிதான். அதுகூடப் பரவாயில்லை. போன விடுமுறைக்குக் கோவையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் நிலா பதறிப்போய் ஓடி வந்தாள்.

"சித்தப்பா, ஜல்தி வாஷர் மாத்துங்க! அப்பா பாத்தா திறப்பு விழா வெச்சிருவாரு!"