வாடிய சேம்பிலைக்கு ஒரு நன்றி

என்றும் சிரித்த முகமாய் இருக்கிற என் கொழுந்தியாளுக்கு, அத்தான் வாயால் சொல்ல, மாடி வீட்டுத் தையல்காரர் கையால் எழுதுவது. இங்கே நானும் மகளும் சௌகரியம். உன் சௌகரியத்தையும் உன் வலது முழங்காலின் சௌகரியத்தையும் தனித்தனியாகத் தெரியப்படுத்தவும்.

பாலத்தின் மேல் சர்க்கரை லாரி கவிழ்ந்து, ஊர் எறும்பெல்லாம் அங்கே குடிபோன வருஷம் உனக்கு நினைவிருக்கும். தபால்காரர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு முதல் சம்சாரத்திடம் குடையால் அடி வாங்கியதும், நம்ம மில்லைப் பூட்டியதும், உன் அக்கா நம்ம மகளை வயிற்றில் சுமந்ததும் அதே வருஷம்தான். வருஷத்துக்கு எண் என்னவோ எனக்குத் தெரியாது. எழுதி வைக்கத் தெரிந்தவன் மறப்பான், எனக்கு அந்த வசதி இல்லை. மில் பூட்டிக் கிடந்த பதினோரு மாசமும் நம்ம லைன் வீடுகளில் அடுப்பு எரிந்ததென்றால், அது தண்டவாளத்து ஓரத்திலும் குளத்தங்கரையிலும் யாரும் விதைக்காமல் முளைத்த கீரையால்தான். பறிப்பது நான், ஒன்றாய்க் கூடிச் சமைப்பது லைன் பெண்கள் நீங்கள். நான் சேம்பிலையைக் கட்டுக்கட்டாய்க் கொண்டுவந்து போட்டால், நீ அதை அடுப்பில் ஏற்றாமல் ஓட்டுக்கூரை மேல் விரித்துவிட்டுப் பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாய். "பசியோட ஒருத்தன் பறிச்சுட்டு வந்தா, இவ அதுக்கு வெயில் காட்டிட்டு ஊர்வம்பு பேசுறா, சோம்பேறி" என்று அன்றைக்குச் சொன்னேன். உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை காதில் சொன்னேன். உன் மகன் புது வீட்டுக்குக் குடிபோன அன்றைக்குச் சம்பந்திகள் எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னேன். அந்த வார்த்தையை மூன்று இடத்திலிருந்தும் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நம்ம மகள் பஸ் டெப்போவில் கேன்டீன் நடத்துகிறாள் இல்லையா, இரண்டு மாசத்துக்கு முன்னால் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "அம்மா, டிரைவர் கண்டக்டர் பாதிப் பேர் வெளியே போய்ச் சாப்பிடறாங்க, தலைமை ஆபீஸ்ல பொட்டலச் சாப்பாட்டுக்காரனை உள்ள விடச் சொல்றாங்க, வேற எங்கயும் கிடைக்காத மாதிரி ஏதாவது போட்டுக் கூட்டத்தைக் கொண்டுவாங்க, இல்லைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாராம். பன்னிரண்டு வருஷம் கரண்டி பிடித்த கை, வீட்டுக்கு வந்து முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டது. நான் சொன்னேன், "டெப்போ மதிலுக்குப் பின்னாடி முளைச்சுக் கிடக்குது, இதுக்கு ஏன் அழற?" மறுநாளே கோணிப்பையோடு இறங்கிவிட்டேன். டயர் மாட்டும் மெக்கானிக் ஒருத்தன், வாய் கொஞ்சம் நீளம், "பெரியவரே, ஆடு மேயற இடத்துல நீங்க மேயறீங்களே" என்றான். "ஆடு உன்னை மாதிரி இல்லடா, பார்த்துத் தின்னும்" என்றேன். புதன்கிழமைக்குப் புதன்கிழமை போட்டோம். முதல் வாரம் பருப்புக்கீரை, அடுத்த வாரம் மூக்கிரட்டை, அதற்கடுத்து முடக்கத்தான். மூக்கிரட்டை நீரைப் பிரிக்கிற கீரை, அதைப் போட்ட அன்றைக்கு மட்டும் தூரத்து வண்டிக்காரர்கள் வழியில் நாலு இடத்தில் மரத்தடி பார்த்து நிறுத்தியதாகக் கேள்வி. அதை யாரும் புகாராக எழுதவில்லை. கூட்டம் வந்தது, பெஞ்சு போதவில்லை, என் நெஞ்சு நிமிர்ந்தது, அங்கேதான் சனி பிடித்தது.

நாலாவது புதனுக்குச் சேம்பிலை. விடிகாலையில் குளத்தில் இறங்கி, பனி சொட்டச் சொட்டப் பறித்து, ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்து கொடுத்து, "இப்படிப் புதுசா எவன் கொடுப்பான், உடனே அடுப்புல ஏத்து" என்று மகளை விரட்டினேன். ஏற்றினாள். முதல் பந்தியில் நாற்பது பேர் உட்கார்ந்தார்கள், நாற்பது பேரும் தொண்டை அரித்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். பன்னிரண்டாம் நம்பர் கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல வாய் திறந்தால் கதவு கிறீச்சிடுகிற சத்தம்தான் வந்ததாம், பல் டாக்டரிடம் போக வேண்டிய ஒருத்தர் கல்யாண மண்டபத்தில் இறங்கி, வந்ததுதான் வந்தோம் என்று சாப்பிட்டுவிட்டே போனாராம். அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆபீசிலிருந்து, அதே பந்தியில் சாப்பிட்டிருந்த மேனேஜருக்குப் போன். "பொட்டலக்காரனை அடுத்த புதன் அனுப்பட்டுமா?" இவருக்குப் பேச்சு வரவில்லை, "ம்ம், ம்ம்" என்று செருமியிருக்கிறார், சரி என்று எடுத்துக்கொண்டு அவர்கள் வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவருக்குக் குரல் வந்ததும் மகளைக் கூப்பிட்டு, "அவனும் வரட்டும், நீங்களும் போடுங்க. பசங்க எங்க உட்கார்றாங்களோ அதுதான் இனிமே கேன்டீன்" என்றார். நல்ல மனுஷன், அந்தத் தொண்டையோடு வேறு யாராவது அப்படிச் சொல்லியிருப்பார்களா. மகள் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்: "அப்பா, இனிமே நீங்க ஒரு புல்லுகூடப் பிடுங்க வேணாம்."

இரண்டு நாள் கோணிப்பையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள் மெக்கானிக் வந்து, "பெரியவரே, உங்க மிச்ச இலையை அக்கா தூக்கி எறிஞ்சது எங்க தகரக் கூரை மேல கிடக்குது, வந்து அள்ளுங்க" என்றான். ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். துணி மாதிரி துவண்டு, சுருண்டு கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்கு உன் ஓட்டுக்கூரை தெரிந்தது, நீ வெயில் காட்டியது அரிப்பை எடுக்கத்தான் என்பதும் தெரிந்தது. ஏணியிலேயே நின்றுவிட்டேன். கீழே இருந்து அவன், "மயக்கமா?" என்கிறான். "இல்லடா, புத்தி வருது" என்றேன்.

அந்த இலையின் நரம்பை உரித்து, கெட்டியாகப் புளி கரைத்து வேகவைத்து, முதல் கவளத்தை நான்தான் தின்றேன். மெக்கானிக் கடிகாரத்தோடு எதிரில் உட்கார்ந்தான். "அரிக்குதா?" "இல்ல." "இப்ப?" "இல்ல." "இப்ப?" "நீ கேக்கறதுதான் அரிக்குது." ஒரு மணி நேரம் கழித்து அவனும் தட்டை நீட்டினான். அதைப் பார்த்த பிறகுதான் புதனுக்கு அந்த வாடிய சேம்பிலையைப் போட மகள் ஒப்புக்கொண்டாள்.

புதன்கிழமை பொட்டலக்காரன் வாசலில் மேஜை போட்டுவிட்டான். நம்ம பெஞ்சில் ஈ கூட உட்காரவில்லை. மகள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்போது பன்னிரண்டாம் நம்பர் கண்டக்டர், போன வாரம் குரல் போனவர், வந்து உட்கார்ந்து, "அக்கா, பன்னிரண்டு வருஷமா நல்ல சோறு போட்டீங்க, ஒரு நாள் தப்பினா தப்பட்டும், போடுங்க" என்றார். சாப்பிட்டார். கை கழுவினார். டெப்போ நடுவில் போய் நின்று, தன் வண்டி போகிற இருபத்து மூன்று நிறுத்தத்தையும் ஒரே மூச்சில் கூவினார். அதற்குப் பிறகு பெஞ்சு கிடைக்காமல் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். பொட்டலக்காரனுடைய ஆளே கடைசிப் பந்தியில் இரண்டு தரம் வாங்கினான். மேனேஜர் சாப்பிட்டுவிட்டு, "இது புதன்கிழமை தவறாம வேணும்" என்று மட்டும் சொன்னார். மகளுக்கு அது போதும்.

கொழுந்தியா, அந்தப் பதினோரு மாசத்தில் நம்ம லைனில் ஒரு தொண்டைகூட அரிக்கவில்லை. அதை இத்தனை வருஷம் நான் கவனிக்கவே இல்லை. தினமும் என் பேச்சையும் வாங்கிக்கொண்டு, வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் சேர்த்துச் சாப்பாடு போட்டாய், அந்தப் பிள்ளையின் பிழைப்பையும் இன்றைக்கு நீதான் காப்பாற்றியிருக்கிறாய். "சித்தி சோம்பேறின்னு சொல்வீங்களேப்பா" என்று மகள் கேட்டாள். "அவ சோம்பேறி இல்லம்மா, நான்தான் அவசரக்காரன்" என்றேன். தையல்காரர் இந்த வரியை இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதினார். முழங்காலை வைத்துக்கொண்டு நீ இங்கே வந்து சிரமப்பட வேண்டாம், எல்லாம் கற்றுக்கொண்டாயிற்று. உன் வீட்டில் என்னைவிடச் சின்னவர்களுக்கெல்லாம் ஆசி. உன் மாமியார் படத்துக்கு என் கும்பிடு.

இப்படிக்கு, நன்றி மறக்காத அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன தையல்காரரை நிறுத்தி இதைச் சேர்க்கிறேன். மேலே எல்லாம் கற்றுக்கொண்டாயிற்று என்று இருப்பதை அடித்தால் கடிதம் அசிங்கமாகும் என்கிறார், ஆகையால் நீயே அடித்துக்கொள். இன்றைக்கு ஒத்திகைக்கு ஒரு சட்டி வைத்தோம். வெயில் காட்டினோம், நரம்பு உரித்தோம், புளி விட்டோம், மறுபடி அரிக்கிறது, நான் பேசுவது தையல்காரருக்கே பாதி புரியவில்லை. சட்டியை இறக்கும்வரை ஆம்பிளை யாரும் உள்ளே வரக்கூடாது என்று கதவைச் சாத்துவீர்களே, அதற்குள் இன்னும் என்னவோ ஒன்று செய்திருக்கிறீர்கள். புதனுக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. கடிதத்தைக் கையோடு கொண்டுவருகிறவர்தான் அந்தக் கண்டக்டர், திரும்பும்போது உன்னை ஜன்னலோரம் உட்கார்த்திக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். வேறு யாரிடமாவது கேட்டு உன்னை விட்டுவிடலாமா என்று அன்றைக்குச் சமைத்தவர்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். கடைசி வீட்டு நெட்டையக்கா குளம் உடைந்த வருஷம் போனாள். சிக்னல்காரர் சம்சாரம் மகன் வீட்டுக்குப் போன மறுமாசம். வெற்றிலைக்காரம்மா தூக்கத்தில். உன் அக்கா போய் ஒன்பது வருஷம், இருந்தும் சட்டியை இறக்கியதும் அவளைக் கேட்கத்தான் திரும்பினேன். இருக்கிறது நீ ஒருத்திதான், கொழுந்தியா.